ஓட்வாலா: பாராட்டப்பட்ட 48 மணி நேரமும் அதற்கு முந்தைய மாதங்களும்

நெருக்கடி வந்தால் ஒரு நிறுவனம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கும் எம்.பி.ஏ. வகுப்புகளில் ஓட்வாலாவின் கதை அடிக்கடி வரும். அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாட்டில் ஜூஸும் ஸ்மூத்தியும் விற்ற கம்பெனி அது. 1996-ல் அதன் ஆப்பிள் ஜூஸில் ஈ.கோலை கிருமி இருக்கலாம் என்று தகவல் வந்த அன்றே, அரசு உத்தரவு வரட்டும் என்று உட்கார்ந்திருக்காமல், கடைகளில் இருந்த சரக்கைத் திரும்ப எடுக்கத் தொடங்கி, 48 மணி நேரத்தில் முடித்தது. மருத்துவச் செலவை ஏற்றுக்கொண்டது. செய்தியாளர்களைத் தவிர்க்கவில்லை. சில ஆண்டுகளில் மீண்டும் எழுந்தது. பாடம் பெரும்பாலும் இங்கே தொடங்கி இங்கேயே முடிந்துவிடுகிறது.

அந்தப் பாடத்தில் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அந்த 48 மணி நேரம் நிஜமாகவே நன்றாக நடந்தது, அதைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் பதினாறு மாதக் குழந்தை ஒன்றின் உயிர் போவதற்குக் காரணமான முடிவுகள் அதற்கு வெகு முன்பே எடுக்கப்பட்டுவிட்டன. ஆப்பிள் கழுவும் இடத்திலும், எதை வைத்துக் கழுவுவது என்று பேசிய அறையிலும். அதனால் இந்த ஆய்வில் அதிக இடம் அவற்றுக்குத்தான்.

கொட்டகையில் ஆரம்பம்

1980-ல் சாண்டா குரூஸ் நகரத்தில் கிரெக் ஸ்டெல்டென்போல், ஜெர்ரி பெர்சி, பானி பாசெட் என்ற மூன்று நண்பர்கள் 225 டாலர் கொடுத்து ஒரு பழைய ஜூஸ் பிழியும் இயந்திரம் வாங்கினார்கள். வீட்டுப் பின்கட்டில் இருந்த கொட்டகைதான் ஆலை. ஆரஞ்சு பிழிந்து, ஒரு ஃபோக்ஸ்வேகன் வேனில் ஏற்றி, உணவகங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். தொழில் வளர்ந்தது. 1993 டிசம்பரில் பங்குச் சந்தைக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில் டைனூபா என்ற சிற்றூரில் பெரிய ஆலை கட்டினார்கள். தலைமை அலுவலகம் கடலோரத்தில் இருக்கும் ஹாஃப் மூன் பேக்குப் போனது. 1996-ல் ஆண்டு விற்பனை சுமார் 5.9 கோடி டாலர்.

இந்த வளர்ச்சிக்கு அடியில் ஒரே ஒரு வாக்குறுதி இருந்தது: இது பிழிந்தபடியே வருகிற ஜூஸ், சூடே படாதது. அன்றைக்கு அமெரிக்காவில் விற்ற ஜூஸில் ஏறக்குறைய 98 சதவீதம் பாஸ்சுரைஸ் செய்யப்பட்டது, அதாவது சூடேற்றிக் கிருமி நீக்கப்பட்டது. மிச்சம் இருந்த 2 சதவீதத்தில் ஓட்வாலாவும் ஒன்று, அதில் பெரிய பெயர். வாடிக்கையாளர்கள் கூடுதல் விலை கொடுத்தது இதற்காகத்தான். ஆரோக்கியத்துக்காகவே பலர் வாங்கினார்கள். கோலா வேண்டாம், இதைக் குடி என்று குழந்தைக்குக் கொடுத்தார்கள். இந்த வழக்கில் மனதை உறுத்துவது இதுதான். இதைக் குடித்து நோயில் விழுந்தவர்கள் அசட்டையான பெற்றோரின் பிள்ளைகள் இல்லை. பார்த்துப் பார்த்து வாங்கிக் கொடுத்தவர்களின் பிள்ளைகள்.

புளிப்பு காப்பாற்றும் என்ற நம்பிக்கை

சூடு படுத்தாமல் விற்பதற்குப் பின்னால் ஒரு அறிவியல் நம்பிக்கையும் இருந்தது. ஆப்பிள் ஜூஸ் புளிப்பானது, அதன் அமிலத்தன்மை பி.எச். 4-க்கும் கீழே (இந்த எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்). அந்தப் புளிப்பில் நோய்க்கிருமிகள் பிழைக்காது என்று உணவுத் துறையில் வெகுகாலமாக நம்பி வந்தார்கள். பெரும்பாலான கிருமிகளுக்கு அது உண்மையும்கூட. ஊறுகாய் கெடாமல் இருப்பதன் பின்னால் உள்ள தத்துவமும் ஏறக்குறைய அதேதான்.

ஆனால் ஈ.கோலையில் ஓ157:எச்7 என்று ஒரு வகை உண்டு. 1982-ல்தான் அதை மனித நோயோடு தொடர்புபடுத்தி அடையாளம் கண்டார்கள், சரியாக வேகாத ஹாம்பர்கர் சாப்பிட்டவர்களிடம். மாடு, மான் போன்ற அசைபோடும் விலங்குகளின் குடலில் இது சாதுவாகக் குடியிருக்கும், அவற்றுக்கு ஒன்றும் செய்யாது. மனிதக் குடலுக்கு வந்தால் கதை வேறு. இதற்கு அமிலத்தைத் தாங்கும் சக்தி உண்டு. குளிர்பெட்டியில் வைத்த ஆப்பிள் ஜூஸில் இது நாள்கணக்கில், சில சமயம் வாரக்கணக்கில் உயிரோடு இருக்கும். இன்னும் மோசம் என்னவென்றால், குளிர்ச்சி இதைக் காப்பாற்றவே செய்கிறது. அதே ஜூஸ் வெளியே அறை வெப்பத்தில் இருந்தால் இது சீக்கிரம் செத்துப்போகும். நோய் தொற்றுவதற்கு ஆயிரக்கணக்கில் கிருமி தேவையில்லை, நூறுக்கும் குறைவாக இருந்தாலே போதும்.

இது 1996-ல் யாருக்கும் தெரியாத விஷயமா? இல்லை. 1991-ல் மாசசூசெட்ஸில், பாஸ்சுரைஸ் செய்யாத ஆப்பிள் சைடர் (வடிகட்டாத ஆப்பிள் ஜூஸ்) குடித்த 23 பேருக்கு இதே கிருமியால் நோய் வந்தது. அந்த ஆய்வு 1993-ல் மருத்துவ இதழில் வெளிவந்தது. அதே 1993-ல்தான் ஜாக் இன் தி பாக்ஸ் உணவகங்களின் ஹாம்பர்கரால் எழுநூறுக்கும் மேற்பட்டவர்கள் நோயுற்று நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அதன் பிறகு ஓ157 என்பது அமெரிக்காவில் செய்தித்தாள் படிக்கும் எல்லோருக்கும் தெரிந்த பெயர். அதனால், ஆப்பிள் ஜூஸில் இது வாழும் என்று எங்களுக்குத் தெரியாது என்று கம்பெனி பின்னால் சொன்னதை என்னால் பாதிதான் ஏற்க முடிகிறது. பாஸ்சுரைஸ் செய் என்று சட்டம் அவர்களைக் கேட்கவில்லை, அது உண்மை. ஆனால் சூடு படுத்தாத ஜூஸ் மட்டுமே விற்றுப் பிழைக்கும் ஒரு கம்பெனியில், அந்த ஜூஸைப் பற்றி வெளிவரும் ஒவ்வொரு ஆய்வையும் படிப்பதற்கென்று ஒரு ஆள் இருந்திருக்க வேண்டாமா?

ஒரு ஆப்பிளைக் கையில் எடுத்துப் பார்த்தால்

காம்பு இருக்கும் இடத்தில் ஒரு குழி. நேர் எதிரே அடியில், பூ உதிர்ந்து காய்ந்த இடத்தில் இன்னொரு குழி. தோலைத் தேய்த்துக் கழுவிவிடலாம், இந்த இரண்டு குழிக்குள்ளும் எதுவும் சரியாகப் போய்ச் சேராது. அடிபட்ட இடத்திலும் அழுகத் தொடங்கிய இடத்திலும் தோல் உடைந்திருக்கும், கிருமி சதைக்குள்ளேயே புகுந்துவிடும். வெயிலில் இருந்து வந்த சூடான ஆப்பிளைக் குளிர்ந்த நீரில் போட்டால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, வெளியே உள்ள நீரைக் குழி வழியாக உறிஞ்சும். கழுவுவதற்கென்று போட்ட நீரே கிருமியை உள்ளே கொண்டுபோய்விடலாம். மரத்திலிருந்து உதிர்ந்து தரையில் கிடந்த ஆப்பிளாக இருந்தால், அந்தத் தரையில் மான் நடமாட்டமும் இருந்தால், சொல்லவே வேண்டாம்.

ஆக, சூடு படுத்தாத ஜூஸில் பாதுகாப்பு முழுக்க இரண்டே இடத்தில்தான் இருக்கிறது: எந்தப் பழத்தை உள்ளே விடுகிறோம், எதை வைத்துக் கழுவுகிறோம். அதற்குப் பிறகு தடுத்து நிறுத்த எதுவுமே கிடையாது. பிழிந்தது நேராகப் பாட்டிலுக்குப் போகிறது.

இந்த இரண்டு இடத்திலும் என்ன நடந்தது என்பது, பாதிக்கப்பட்ட குடும்பங்கள் தொடுத்த வழக்குகளில் வெளிவந்த ஆவணங்களால்தான் தெரிந்தது. பழம் கழுவ ஒரு அமிலக் கரைசல் பயன்பட்டது. அதோடு குளோரினும் சேர்க்கலாம் என்று தரம் பார்க்கும் பொறுப்பில் இருந்தவர் யோசனை சொல்லியிருந்தார். ஜூஸின் ருசி கெட்டுவிடும் என்று அது ஏற்கப்படவில்லை. இதற்கிடையே, சம்பவத்துக்குச் சில மாதங்கள் முன்பு, அமெரிக்க ராணுவம் தன் கடைகளில் ஓட்வாலா ஜூஸை விற்கலாமா என்று பார்க்க வந்தது. மாதிரியில் பாக்டீரியா எண்ணிக்கை அளவுக்கு மீறி இருப்பதாகக் கண்டு, வேண்டாம் என்று சொல்லிவிட்டது.

ராணுவத்தின் அந்த மறுப்பு இந்த வழக்கில் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். உள்ளே இருப்பவர் சொன்னால், எப்போதும் பயமுறுத்துகிறவர் என்று ஒதுக்கிவிடலாம். லாபமோ நஷ்டமோ இல்லாத ஒரு வெளி ஆள் வந்து, சோதித்துப் பார்த்து, உங்கள் சரக்கு எனக்கு வேண்டாம் என்கிறார். அந்த மறுப்பை ஒரு விற்பனை வாய்ப்பு கைவிட்டுப் போனதாகப் பார்த்தார்களா, ஆலையைப் பற்றிய எச்சரிக்கையாகப் பார்த்தார்களா? எச்சரிக்கையாகப் பார்த்திருந்தால், அன்றே உற்பத்தியை நிறுத்தி ஆலையைத் தலைகீழாகப் புரட்டிப் பார்த்திருக்கலாம். ருசியைப் பற்றிய கவலை வென்ற ஒவ்வொரு முறையும் அந்த இரண்டு காவல் இடங்களில் ஒன்று பலவீனமாகிக்கொண்டே வந்தது.

அக்டோபர் 7

பின்னால் பொதுச் சுகாதாரத் துறையினர் தோண்டிப் பார்த்ததில், ஏறக்குறைய எல்லா நோயாளிகளும் குடித்தது 1996 அக்டோபர் 7-ம் தேதி, திங்கள்கிழமை, பிழிந்த ஜூஸ்தான் என்று தெரிந்தது. ஒரே ஒரு நாள் உற்பத்தி. அன்று ஆலைக்கு வந்த ஆப்பிள்களில் மூன்று லாட்டுகள் மீது சந்தேகம் விழுந்தது. இரண்டு லாட்டுகள் மான்கள் வந்துபோகும் ஒரு தோட்டத்திலிருந்து வந்தவை. பிறகு அந்த மான்களைச் சோதித்தபோது அவற்றிடம் ஓ157 இருந்தது. மூன்றாவது லாட்டில் மெழுகு பூசிய, அழுகத் தொடங்கிய ஆப்பிள்கள் இருந்தன. இவற்றில் எது காரணம் என்று ஒற்றை விரலை நீட்டிச் சொல்லிவிட முடியாது. திரும்பப் பெறப்பட்ட பாட்டில்களில் இருந்த கிருமியின் மரபணு ரேகை, நோயாளிகளின் உடலில் இருந்த கிருமியின் ரேகையோடு அச்சு அசலாகப் பொருந்தியது.

வாஷிங்டன், கலிபோர்னியா, கொலராடோ ஆகிய மாநிலங்களிலும் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவிலும் மொத்தம் 70 பேருக்கு நோய் உறுதியானது. 25 பேர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள். 14 பேருக்கு எச்.யு.எஸ். என்ற, சிறுநீரகத்தைத் தாக்கும் கடும் நோய் வந்தது. இந்த மூன்றெழுத்தை வெறுமனே கடந்து போக எனக்கு மனம் வரவில்லை. கிருமி விடும் நச்சு இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தின் மெல்லிய இரத்தக் குழாய்களின் உட்சுவரைப் புண்ணாக்கும். அங்கங்கே சின்னச் சின்ன இரத்தக் கட்டிகள் அடைத்துக்கொள்ளும். அந்த இடுக்குகளில் நுழைந்து போகும் சிவப்பணுக்கள் கிழிந்து போகும். இரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் குறையும். குழந்தை வெளிறிப் போகும், சிறுநீர் குறையும், சில சமயம் நின்றே போகும். கிருமியை மருந்து கொடுத்துக் கொன்றுவிடலாம் என்றால், ஆன்டிபயாட்டிக் கொடுப்பது நிலைமையை மோசமாக்கக்கூடும் என்பதால் மருத்துவர்கள் தயங்குவார்கள். நீர்ச்சத்தைச் சமன் செய்து, தேவைப்பட்டால் டயாலிசிஸ் செய்து, காத்திருப்பதுதான் வைத்தியம். ஐந்து வயதுக்குக் கீழே இருக்கும் குழந்தைகள்தான் இதில் அதிகம் மாட்டுவார்கள்.

நவம்பர் 8-ம் தேதி கொலராடோவைச் சேர்ந்த பதினாறு மாதப் பெண் குழந்தை இறந்துபோனது.

அந்த 48 மணி நேரம்

அக்டோபர் 30, புதன்கிழமை, வாஷிங்டன் மாநிலச் சுகாதார அதிகாரிகளிடமிருந்து ஓட்வாலாவுக்குத் தகவல் போனது. நோயாளிகளுக்கும் உங்கள் ஆப்பிள் ஜூஸுக்கும் தொடர்பு தெரிகிறது என்பதே செய்தி. ஆய்வகத்தில் பாட்டிலிலிருந்து கிருமி எடுத்து நிரூபித்தது எதுவும் அப்போது கையில் இல்லை. நோயாளிகளிடம் கேட்டுக் கேட்டுச் சேர்த்த கணக்குதான் இருந்தது. நிரூபணம் வரட்டும் என்று இரண்டு மூன்று நாள் தள்ளிப்போட்டிருக்கலாம். அப்படித் தள்ளிப்போட்ட நிறுவனங்கள் எத்தனையோ.

ஓட்வாலா தள்ளிப்போடவில்லை. ஆப்பிள் ஜூஸ் கலந்த 13 வகைகளையும் அன்றே திரும்பப் பெறுவதாக அறிவித்தது. மறுநாள், அதே இயந்திர வரிசையில் ஓடுகிறது என்பதற்காக, கேரட் ஜூஸையும் காய்கறி ஜூஸையும் சேர்த்துக்கொண்டது. ஏழு மாநிலங்கள், பிரிட்டிஷ் கொலம்பியா, சுமார் 4,600 கடைகள். எல்லாவற்றையும் 48 மணி நேரத்தில் காலி செய்தார்கள். இதற்கு ஆன செலவு சுமார் 65 லட்சம் டாலர்.

இவ்வளவு வேகம் எப்படிச் சாத்தியமானது என்று பார்த்தால், விடை அவர்களுடைய அன்றாட வேலை முறையிலேயே இருக்கிறது. ஓட்வாலா மொத்த வியாபாரிகளின் கையில் சரக்கைக் கொடுத்துவிட்டு ஒதுங்கும் கம்பெனி இல்லை. அவர்களுடைய ஓட்டுநரே அவர்களுடைய குளிரூட்டிய லாரியில் கடைக்குப் போவார், ஓட்வாலாவின் தனிக் குளிர்பெட்டியைத் திறப்பார், தேதி முடிந்த பாட்டில்களை எடுத்துவிட்டுப் புதியவற்றை அடுக்குவார். சில நாள்களே தாங்கும் சரக்கு என்பதால் இப்படித்தான் செய்தாக வேண்டும். எந்தக் கடையில் எந்த மூலையில் எத்தனை பாட்டில் என்பது ஓட்டுநருக்குத் தெரியும். அன்று அவர் செய்தது அதே வேலைதான், அடுக்குவதை மட்டும் விட்டுவிட்டார். சூடு படுத்தாத ஜூஸுக்காக உருவான விநியோக முறைதான், அந்த ஜூஸ் விஷமானபோது அதை வேகமாக அப்புறப்படுத்தவும் உதவியது. நெருக்கடித் திட்டம் என்று தனியாகக் கோப்பில் ஒன்று வைத்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

அப்புறம் மற்ற வேலைகள். பாதிக்கப்பட்டவர்களின் மருத்துவச் செலவை ஏற்பதாகச் சொன்னார்கள். இணையம் பலருக்கும் புதிதாக இருந்த அந்தக் காலத்தில் உடனே ஒரு வலைதளம் திறந்து தகவல் கொடுத்தார்கள். வேலை செய்பவர்களுடன் தினமும் தொலைபேசியில் பேசினார்கள். தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீபன் வில்லியம்சனும் நிறுவனர் ஸ்டெல்டென்போலும் முன்னால் வந்து நின்றார்கள். சட்ட ஆலோசகர் எழுதிக்கொடுத்த இரண்டு வரியோடு ஒளிந்துகொள்ளவில்லை.

இருந்தும் விற்பனை 90 சதவீதம் விழுந்தது. பங்கு விலை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்தது. சுமார் 60 பேருக்கு வேலை போனது.

சூடு வந்தது

டிசம்பர் 5-ம் தேதி ஆப்பிள் ஜூஸ் திரும்பக் கடைக்கு வந்தது, ஆனால் இந்த முறை ஃபிளாஷ் பாஸ்சுரைசேஷன் செய்யப்பட்டு. 70 டிகிரி செல்சியஸுக்கு மேல் சில விநாடிகள் மட்டும் சூடேற்றி உடனே குளிர்விக்கும் முறை இது. ருசி கொஞ்சம் மாறும், பெரிதாக மாறாது. கிருமி மிஞ்சாது. பதினாறு ஆண்டுகளாகக் கூடவே கூடாது என்று வைத்திருந்த ஒன்றை ஐந்தே வாரத்தில் ஏற்றுக்கொண்டார்கள். வாடிக்கையாளர்களும் ஏற்றுக்கொண்டார்கள். இதைப் படிக்கும்போது மனம் கனக்கிறது. சூடு பட்ட ஜூஸை வாங்க மாட்டார்கள் என்ற பயம்தான் இத்தனை ஆண்டுகள் தடுத்தது, அந்தப் பயத்துக்கு இவ்வளவுதான் பலம்.

1998 ஜூலையில் நீதிமன்றத்தில், கலப்படமான உணவை விற்றதாக 16 குற்றச்சாட்டுகளை ஓட்வாலா ஒப்புக்கொண்டது. 15 லட்சம் டாலர் அபராதம். உணவால் வரும் நோய் தொடர்பான குற்ற வழக்கில் அமெரிக்காவில் அதுவரை விதிக்கப்பட்ட பெரிய தொகை அதுதான். அதில் இரண்டரை லட்சம் டாலர் உணவு நோய் ஆராய்ச்சிக்குப் போனது. கூடவே ஐந்து ஆண்டு நீதிமன்றக் கண்காணிப்பு. குடும்பங்கள் தொடுத்த வழக்குகள் தனியாகச் சமரசம் ஆயின.

திரும்பப் பெற்ற வேகத்தைப் பாராட்டும் கட்டுரைகளில் இந்த ஒப்புதல் பெரும்பாலும் ஒரு வரியோடு போய்விடும். இரண்டையும் ஒரே பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும் என்பேன். அக்டோபர் 30-ல் நேர்மையாக நடந்துகொண்டவர்களும், குளோரின் வேண்டாம் என்றவர்களும் வேறு வேறு கம்பெனிக்காரர்கள் இல்லை. நல்லவர்கள், தங்கள் சரக்கை உண்மையிலேயே நேசித்தவர்கள். அந்த நேசமே அவர்கள் கண்ணை மறைத்தது என்று தோன்றுகிறது. இது இயற்கையானது, சுத்தமானது, நல்லது என்று தினமும் மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லி, அவர்களும் அதைச் சோதிக்காமலேயே நம்பிவிட்டார்கள்.

வணிகக் கணக்கில் கதை நன்றாகவே போனது. 2000-ல் ஃப்ரெஷ் சமந்தா என்ற இன்னொரு ஜூஸ் கம்பெனியோடு இணைந்தது. 2001-ல் கோகோ கோலா 18.1 கோடி டாலருக்கு வாங்கியது. 2020 கோடையில் கோகோ கோலா இந்த பிராண்டை நிறுத்தியது. 300 வேலைகளும் 230 குளிரூட்டிய லாரிகளும் அதோடு போயின.

சட்டத்தில் மிஞ்சியது

அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 1998-ல், கிருமிநீக்கம் செய்யாத ஜூஸ் பாட்டிலில் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று விதி கொண்டுவந்தது. ஆரஞ்சு பரவாயில்லை, ஆப்பிள்தான் ஆபத்து என்று நினைத்தவர்களுக்கு 1999-ல் இன்னொரு அதிர்ச்சி: பாஸ்சுரைஸ் செய்யாத ஆரஞ்சு ஜூஸால் சால்மொனெல்லா என்ற இன்னொரு கிருமி பரவியது. 2001 ஜனவரியில் ஜூஸ் ஹேசப் விதி வந்தது. தயாரிப்பில் ஆபத்து எங்கே வரும் என்று முன்பே கண்டு அங்கேயே தடுக்கும் முறைதான் ஹேசப். அதன்படி, ஜூஸ் தயாரிப்பவர் நோய்க்கிருமியை லட்சத்தில் ஒன்று என்ற அளவுக்குக் குறைத்துக் காட்ட வேண்டும். சூடோ, புற ஊதாக் கதிரோ, உயர் அழுத்தமோ, வழி எதுவானாலும் சரி, கணக்கு இதுதான். இன்றைக்குக் கோல்டு பிரெஸ்டு என்ற பெயரில் கடைகளில் விற்கும் பாட்டில்களில் பல உயர் அழுத்தத்தில் கிருமி நீக்கப்பட்டவை. ருசிக்கும் பாதுகாப்புக்கும் நடுவே 1996-ல் பரவலாக இல்லாத ஒரு வழி இப்போது இருக்கிறது.

ஒரு விலக்கு மட்டும் உண்டு. தானே பிழிந்து தன் கடையிலேயே நேராக வாடிக்கையாளருக்கு விற்பவருக்கு ஹேசப் கட்டாயமில்லை. இலையுதிர் காலத்தில் அமெரிக்கத் தோட்ட வாசல்களில் இன்றும் சூடு படுத்தாத ஆப்பிள் சைடர் வாங்கலாம். பாட்டிலில் விற்றால் அந்த எச்சரிக்கை இருக்க வேண்டும்: இது பாஸ்சுரைஸ் செய்யப்படவில்லை, தீங்கான பாக்டீரியா இருக்கக்கூடும், அதனால் குழந்தைகளுக்கும் முதியோருக்கும் நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் கடும் நோய் வரலாம். அந்தப் பட்டியலில் குழந்தைகள்தான் முதலில் வருகிறார்கள்.